மந்திரிக்கு ஒரு வரவேற்புப் போஸ்டர்

எங்கள் தெருச் சாக்கடை அஞ்சு வருஷமாக வாசலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்சி மாறியது, சாக்கடை மாறவில்லை. இஸ்திரி போடும் எத்திராஜின் மகளுக்கு ரெண்டு தடவை டைபாய்டு வந்துவிட்டது. பதினொன்றாவது மனுவோடு போனவனை நகராட்சித் தலைவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

“சும்மா சும்மா வராதய்யா. முடிஞ்சா மந்திரிகிட்டயே போய்ச் சொல்லு.”

எத்திராஜ் சண்டை போடவில்லை. அதற்கெல்லாம் தெம்பு ஏது? மகளின் காதுகுத்துப் பத்திரிகை ஒன்றை அமைச்சருக்குத் தபாலில் போட்டான். தெருமுனையில் போஸ்டர் ஒட்டினான்: ‘எங்கள் இல்ல விழாவுக்கு, மாண்புமிகு அமைச்சர் அவர்களே, வருக! வருக!’

மூன்றே நாளில் சாக்கடையைத் தூர்வாரி, மேலே சிலாப் போட்டு மூடினார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர் கோடு வேறு. விழா அன்று கையில் சால்வையோடு, வேர்த்து விறுவிறுத்துத் தலைவரே வந்து நின்றார்.

“மந்திரி எத்தனை மணிக்குப்பா வர்றார்?”

“தெரியலீங்க. நீங்க சொன்னீங்கன்னு கூப்பிட்டேன். வர்றேன்னு அவர் சொல்லலியே.”

“என்னய்யா, ஏமாத்துறியா?”

“உங்களைப் பதினோரு தடவை கூப்பிட்டேன், நீங்க வரல. அவரை ஒரே தடவைதான் கூப்பிட்டேன், நீங்க வந்துட்டீங்க. இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க.”