ரிவர்ஸ் விழாத வண்டி

ரெஜினா அக்காவை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஒரு சனிக்கிழமை, பாலக்கரையில் இருந்த அவருடைய கார் அலங்காரக் கடையில். என்னைவிட ஐந்து வயது இளையவர். தொழில் கற்றுக்கொடுத்தவர் என்பதால் நான் அக்கா என்பேன். அவர் என்னை அண்ணே என்பார்.

தில்லை நகரில் இரண்டாவது கடை திறக்கவிருந்தார். அதை நடத்தப்போவது நானா, மதலைமுத்துவா என்று அன்று சொல்வதாக இருந்தது. முத்து எனக்குப் பின்னால் சேர்ந்தவன். வருகிறவர்கள் எல்லோரும் என்னைத் தாண்டி, "முத்து இல்லையா?" என்றுதான் கேட்பார்கள். எனக்குச் சோறு இறங்காது.

"அவன்கிட்ட இருக்கறது எங்கிட்ட என்னக்கா இல்ல?" என்று கேட்டேவிட்டேன்.

ஒரே மாதிரி இரண்டு கார்கள், கியர் தண்டின் தலைப்பிடியான நாப்பை மாற்ற வந்து நின்றன. அக்கா ஒன்றை எனக்குக் காட்டினார், மற்றதை அவனுக்கு.

பழைய நாப்பைக் கழற்றினேன். புதியதைத் தண்டில் இறக்கி, மூன்று குட்டித் திருகுகளையும் முடுக்கினேன். ஆடவே இல்லை. முத்து இன்னும் விரலால் அளந்துகொண்டிருந்தான்.

"என்னடா, பொண்ணு பாக்க வந்தியா?"

"ஆமாண்ணே. உயரம் சரியா வரல," என்றான், தலை தூக்காமல்.

"உங்க வண்டியப் பின்னால எடுங்கண்ணே," என்றார் அக்கா.

அந்த வண்டியில் நாப்புக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும். அதை மேலே தூக்கினால்தான் ரிவர்ஸ் விழும். நான் நாப்பை வளையத்தின் மேலேயே அழுத்தி உட்காரவைத்திருந்தேன். வளையம் அசையவில்லை.

முத்து வந்தான். திருகைத் தளர்த்தி, நாப்பை விரலளவு உயர்த்தி முடுக்கினான். ரிவர்ஸ் விழுந்தது. இரண்டு வண்டிகளும் போயின.

"முத்து மாட்டுன நாப் எப்படி இருந்துச்சு?" என்று அக்கா கேட்டார்.

"கறுப்புத் தோலு. சிவப்புத் தையல். ஓரத்துல ஒரு தையல் லேசாப் பிரிஞ்சிருந்துச்சு."

"நீங்க மாட்டுனது?"

நிறம்கூட நினைவுக்கு வரவில்லை.

"எப்படிண்ணே தெரியும்? இவ்வளவு நேரமும் நீங்க முத்து வண்டியிலல்ல உக்காந்திருந்தீங்க."

புதுக் கடையின் சாவியை அவனிடம் கொடுத்தார்.

திங்கட்கிழமை அக்காவின் இதயம் நின்றுவிட்டது. தில்லை நகர் கடை இன்றும் இருக்கிறது. முத்துவின் கீழ் நான் அங்கே பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன்.