வால் கரைந்த கோடை

தவளை என்ற சொல்லே தேவைப்படாத காலம் ஒன்று இருந்தது. அப்போது குளங்கள் வற்றுவதில்லை. ஆகவே தலைப்பிரட்டைகள் தலைப்பிரட்டைகளாகவே பிறந்து, பாசி தின்று, தலைப்பிரட்டைகளாகவே மூப்படைந்தன. விலங்குகள் பேசின, இது பலருக்கும் தெரியும். விலங்குகளின் உறுப்புகளும் பேசின என்பதை ஏனோ யாரும் குறித்துவைக்கவில்லை.

ஒரு வருடம் மழை பொய்த்தது. குமிழி என்ற தலைப்பிரட்டை வாழ்ந்த குளம் வண்டிச்சக்கர அகலத்துக்குச் சுருங்கியது. கரையில் ஒரு கொக்கு வந்து நின்றது.

"அவசரமில்லை, குமிழி," என்றது கொக்கு. "பத்து நாளில் தண்ணீர் முழுதும் போய்விடும். கால் நனையாமல் வந்து சாப்பிட்டுக்கொள்கிறேன். ஈரம் எனக்குச் சேராது."

"அதற்குள் கரையேறிவிடுவேன்."

"எந்தக் காலால்?"

கேள்வி நியாயமானதுதான். குமிழியிடம் இருந்தவை வாலடியில் இரண்டு கால்மொட்டுகள்தான்.

குமிழியின் தொண்டையில் ஒரு சுரப்பி இருந்தது. கடுகளவுகூட இல்லை, உடம்புக்குள் சேதி சொல்வது அதன் வேலை. எந்த மாற்றமானாலும் ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லி அழைத்துச் சம்மதம் கேட்பது அந்நாள் வழக்கம். சுரப்பி கேட்டது.

"வளர்கிறோம்," என்றன கால்மொட்டுகள். "வால் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்."

"நுரையீரல் பொறுப்பேற்கட்டும், நாங்கள் விலகுகிறோம்," என்றன செவுள்கள்.

"மூத்தவர்கள் இருக்கும்போது நான் மூச்சு விடுவது மரியாதையாக இருக்காது," என்றது நுரையீரல்.

வால், அமாவாசை கழியட்டும் என்றது.

இப்படி மூன்று நாள் போயிற்று. குளம் ஒரு தாம்பாள அகலம் ஆயிற்று.

நான்காம் நாள் சுரப்பி யாரையும் அழைக்கவில்லை. தன்னிடமிருந்த சாற்றையெல்லாம் பிழிந்து இரத்தத்தில் ஊற்றிவிட்டது. அதில் பெயரும் இல்லை, வேண்டுகோளும் இல்லை. வெளியேறுகிறோம் என்ற ஒரே சேதிதான். இரத்தம் அதை எல்லார் வாசலுக்கும் கொண்டுபோயிற்று. கால்மொட்டுகளுக்கு அது 'வளர்' என்று கேட்டது. நுரையீரலுக்கு 'விரி' என்றும், செவுள்களுக்கு 'மூடு' என்றும் கேட்டது. வாலுக்கு 'கரைந்து போ' என்று கேட்டது.

"என்னய்யா இது," என்றது வால். "காலுக்கு ஒரு சேதி, எனக்கு ஒரு சேதியா?"

"சேதி ஒன்றுதான் அண்ணே. கேட்கிற காதுதான் வேறு," என்றது சுரப்பி.

"பிறந்ததிலிருந்து இந்தக் குமிழியை ஓட்டி வந்தவன் நான்."

"தெரியும்."

"ஒப்புக்காவது என்னைக் கேட்டிருக்கலாம்."

"மூன்று நாள் கேட்டேனே அண்ணே."

வால் கரையவில்லை, சதையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

ஆனால் வேலை தொடங்கிவிட்டது. பாசி சுரண்டிய சிறுபற்கள் உதிர்ந்தன. வாயும் குடலும் இடித்துக் கட்டப்பட்டன. குமிழியால் எதையும் விழுங்க முடியவில்லை. பாதி வளர்ந்த கால்கள் அப்படியே நின்றன.

"பசிக்கிறது," என்றது குமிழி. "ஆனாலும் நிறுத்தாதீர்கள். எப்படியும் ஏறியாக வேண்டும்."

அந்தக் குரலைக் கேட்டதும் வால் பிடியைத் தளர்த்தியது.

"டேய் கால்களா, என்னைச் சாப்பிடுங்கள்," என்றது. "நுனியிலிருந்து ஆரம்பியுங்கள், அங்கேதான் சதை இளசு. முழங்கால் இருவருக்கும் ஒரே திசையில் மடங்கட்டும். என் பெயரைக் கெடுக்காதீர்கள்."

நாளுக்குக் கொஞ்சமாக அது இரத்தத்தில் கரைந்து கால்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கடைசிவரை யோசனை சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை.

பத்தாம் நாள் குளம் வெறும் சேறு. கொக்கு சொன்னபடியே நடந்து வந்து அலகைத் தாழ்த்தியது. குமிழி ஒரு முறை மடங்கி, நிமிர்ந்து, அதன் தலைக்கு மேலாகத் தாண்டிக் கரைப்புல்லில் போய் விழுந்தது.

அந்தக் கோடைக்குப் பிறகு எந்த உடம்பிலும் எந்தச் சுரப்பியும் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஒரு துளியை இரத்தத்தில் விட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறது, உரியவர் கேட்டுக்கொள்கிறார். கால் வளர்ந்து முடியும் நாட்களில் தலைப்பிரட்டை வேறொன்றும் தின்னாமல், தன் வாலையே உண்டு கரையேறுவதும் அது தொட்டுத்தான்.