ஒன்றரை மணிக்குத் திறக்கும் வாய்கள்

தூத்துக்குடியில் வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்க்கிறவர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர். எங்கள் எல்லாருக்கும் டீச்சர் ஜெசிந்தாதான். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் வேலை பார்க்கவில்லை. பவளத்துக்குச் சோறு ஊட்டச் சொல்லிக்கொடுத்ததால் டீச்சர். அவருக்கு வயது முப்பத்திரண்டு. மாணவர்களிலேயே இளையவனான எனக்கு நாற்பத்தாறு. கடல் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடப்பது என் வேலை. அதில் எனக்குப் பெருமைதான், போங்கள்.

கடலில் பவளத்தை ஒடிப்பது குற்றம். எங்களிடம் இருப்பதெல்லாம் தொட்டியிலேயே வளர்ந்து, துண்டு துண்டாகக் கைமாறி வந்தவை. டீச்சர் கொடுத்த கட்டைவிரல் அளவுத் துண்டைத் தேங்காய் அளவுக்கு வளர்த்துக் காட்டியவர் பிச்சைக்கனி அக்கா. சூரியப் பவளம். பேர்தான் சூரியன். மற்ற பவளங்களுக்குப் போல வெளிச்சம் இதன் வயிற்றை நிரப்பாது. ஒரே உடம்பில் நாற்பது வாய். ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியாக இறால் துணுக்கு ஊட்ட வேண்டும். ஊட்டாமல் விட்ட வாய் மெல்லச் சுருங்கிச் செத்துப்போகும்.

சித்திரை முதல் வாரத்தில் அக்கா இறந்துபோனார். நெஞ்சுவலி, அரைமணி நேரம்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவர் கணவர் வெயிலுமுத்து அண்ணாச்சி டீச்சர் வீட்டுக்கு வந்தார். ஐஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

"என்னையும் சேத்துக்கிடுங்க டீச்சர். அவ பவளத்த நான் பாக்கணும்."

"இதுக்கு முன்ன யாருக்காவது ஊட்டியிருக்கீங்களா அண்ணாச்சி?"

"இல்ல."

"சின்னப் பிள்ளைகளுக்கு?"

"எங்களுக்குப் பிள்ள இல்ல. எனக்கே அவதான் போட்டுத் தருவா."

டீச்சர் சொல்லிக்கொடுத்தார். முதலில் பம்பை நிறுத்த வேண்டும். இறால் கழுவின தண்ணீரை நாலு சொட்டு விட வேண்டும். வாசனை பட்டு வாய் திறக்கும். திறந்த பிறகுதான் ஊட்ட வேண்டும்.

"எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?"

"அது தொறக்கிற வரைக்கும்."

போனார். ஆனி மாதம் பாதியில் அவரிடமிருந்து போன் வந்தது. குரல் ஒரு மாதிரி இருந்தது.

"தானா தொறக்கு டீச்சர். ஆனா உடம்பு வத்திக்கிட்டே போகுது. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க. எனக்குப் பயமா இருக்கு."

மறுநாள் மத்தியானம் போனோம். சாப்பாட்டு மேசையை ஒட்டித் தொட்டி. மேசைக்கு இரண்டு நாற்காலி. ஒன்றில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். தொட்டிப் பக்கம் இருந்த நாற்காலியை யாரும் தொடவில்லை என்பது அதன் மேலிருந்த தூசியிலேயே தெரிந்தது.

"அவ எனக்குச் சோறு போடுவா. பொறவு இதுக்கு ஊட்டுவா. இதுக்கு ஊட்டத்தான் ஒன்றரைக்கு அந்த நாற்காலில உக்காருவா," என்றார்.

மணி ஒன்று இருபத்தைந்து. பம்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. தொட்டியில் ஒரு சொட்டு வாசனைத் தண்ணீரும் விழவில்லை. பவளம் ஆரஞ்சு நிற உருண்டையாக இறுக மூடிக் கிடந்தது. நிறைய இடங்களில் சதை போய் வெள்ளை ஓடு தெரிந்தது.

ஒன்றரைக்கு, அந்தக் காலி நாற்காலிக்கு நேராக இருந்த வாய் திறந்தது. மஞ்சள் இதழ்கள் விரிந்தன, நடுவில் சின்னப் பிளவு. அப்புறம் அதற்கு அடுத்தது. அப்புறம் அதற்கு அடுத்தது. ஏதோ பந்தியில் இலை போட்டுக்கொண்டே போகிற மாதிரி வரிசையாகத் திறந்தன.

"நேரம் பழகியிருக்கும்," என்றார் டீச்சர்.

சொல்லிவிட்டுப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

அத்தனை வாயும் ஒரே நொடியில் மூடிக்கொண்டன. டீச்சர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. எழுந்து தள்ளி நின்றார். நாற்காலிப் பக்கத்து வாய் மறுபடி திறந்தது.

நிழல் பட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஜன்னல் மறுபக்கம் இருந்தது. டீச்சர் சத்தமில்லாமல் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். அவர் அப்படிச் செய்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அண்ணாச்சி பம்பை நிறுத்தினார். கிண்ணத்தில் குழைத்து வைத்திருந்ததைச் சொட்டுக்குழாயில் உறிஞ்சி, ஒவ்வொரு வாயாக ஊட்டினார். நன்றாகத்தான் ஊட்டினார், குறை சொல்ல முடியாது. வாய்கள் வாங்கி மூடிக்கொண்டன.

"இறால் இந்த நிறத்துல இருக்காதே," என்றார் டீச்சர். "என்னத்த கொழச்சீங்க?"

அண்ணாச்சி தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் போயிருக்கும். முதல் வாய் திறந்து, பிசுபிசுவென்று ஒரு வெள்ளை மணியை வெளியே தள்ளியது. அப்புறம் அடுத்தது. எல்லாம் ஒவ்வொன்றாக மணலில் விழுந்தன. அண்ணாச்சி ஒரு மெல்லிய குழாயால் அவற்றை ஒன்று விடாமல் உறிஞ்சி எடுத்தார். துணியில் வடிகட்டினார். தட்டில் பரப்பி, காய்வதற்காக ஃபேனுக்கு அடியில் வைத்தார். பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது.

அதற்குள் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அக்காவோட அஸ்தியா?" என்றார் டீச்சர்.

"திருச்செந்தூர்ல கரைச்சாச்சு. ஒரு கை மட்டும் வச்சுக்கிட்டேன். கடல்லதானே கரைக்கணும்? தொட்டியில இருக்கதும் கடல் தண்ணிதானே, நீங்கதானே கொண்டாந்து ஊத்துதீங்க."

"எத்தனை நாளா குடுக்கீங்க?"

"நாப்பத்தொரு நாளா."

"இதே சாம்பலையா?"

"இதே சாம்பல்தான். துப்புதா, எடுத்துக் காயவச்சு மறுநா குடுக்கேன்."

"இறால் குடுக்கவேயில்லையா?"

"மொதல்ல குடுத்தேன். வாங்கிக்கிட்டா. பொறவுதான் ஒன்றரைக்குத் தானா தொறக்க ஆரம்பிச்சா. அப்பத் தோணிச்சு, இவ தேடுதது இறால இல்லன்னு. அவளோட மிச்சத்த அவகிட்டயே சேத்துட்டா முழுசா வந்துருவான்னு நெனச்சேன்."

ஓடிப்போய்விடலாமா என்று இருந்தது எனக்கு. டீச்சர் மேசை ஓரமாக வந்து நின்றார்.

"யாருக்கு ஊட்டுதீங்க அண்ணாச்சி?"

"கனிக்கு."

"டப்பாவுல இருக்கது யாரு?"

"கனிதான்."

"கையிலயும் கனி, வாயிலயும் கனி. அப்ப பசிக்கு என்ன குடுத்தீங்க?"

டீச்சர் தொட்டிக்குப் பக்கத்தில் போய் விரலை நீட்டி எண்ணினார்.

"நாப்பதுல இருவத்தாறுதான் உசுரோட இருக்கு. இப்படியே போனா இந்த வாரம் தாண்டாது."

"இந்த வாயும் மூடிட்டா எனக்கு யாருமில்ல டீச்சர்." அழுதுவிட்டார். பெரிய உடம்பு குலுங்கியது. "முப்பத்தெட்டு வருசம் அவ போட்டு நான் தின்னேன். நீ சாப்பிட்டியான்னு ஒரு நா கேட்டதில்ல. அந்தக் கோவத்துலதான் துப்புதாளோ என்னமோ."

டீச்சர் குளிர்பெட்டியைத் திறந்து இறாலை எடுத்தார். தண்ணீரில் போட்டு ஐஸ் உருக விட்டு, கத்தியால் பொடிப்பொடியாக நறுக்கத் தொடங்கினார். இருபத்தாறு துணுக்கு. ஒரு கிண்ணத்தில் போட்டு அண்ணாச்சிக்கு முன்னால் வைத்தார்.

அண்ணாச்சி கிண்ணத்தைத் தொடவில்லை. தொட்டியில் வாய்கள் இன்னும் திறந்தே இருந்தன, எல்லாம் நாற்காலிப் பக்கம் திரும்பி.

"ஒன்னே ஒன்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். உங்களுக்குத் தெரியும். நீங்க உக்காந்ததும் மூடிச்சே, அத நீங்களும் பாத்தீங்க. வாயத் தொறக்கது அவளா, இல்ல வெறும் பவளமா? யாருன்னு தெரிஞ்சா, அதுக்குத் தக்கன நான் செய்வேன்."

டீச்சர் காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு சொட்டுக்குழாயைக் கழுவி அவர் கையில் கொடுத்தார்.

"யாருன்னு தெரிஞ்சாத்தான் சோறு போடுவீங்களா, அண்ணாச்சி?"