வெள்ள எச்சரிக்கை வயர்

எந்தக் கார் ரேடியோவில் எந்தப் பாட்டு ஓடினாலும், வெள்ள எச்சரிக்கை வந்தால் தானாகப் பண்பலை நிலையத்துக்குத் தாவிவிடும். அதற்கென்றே அந்த நிலையத்தில் ஒரு வயர் இருந்தது.

“அதை என் மைக்கோடு சேர். நான் பேசினா ஊரே கேட்கணும்” என்றார் நிலைய இயக்குநர் பூவராகன். டெக்னீஷியன் மரகதம் வேண்டாமென்று எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டுச் சேர்த்தாள்.

பத்தே நாளில் எல்லோர் முன்னாலும் குதித்தார். “என் கார்லயே என் பேச்சு வரலை! என்ன இணைப்புக் கொடுத்தே?”

“இணைப்பு சரிதான் சார். உங்க குரல் கார் வரைக்கும் வருது. உங்க டிரைவர் அண்ணன்தான் உள்ளே விடாம, தானா தாவுற வசதியை அணைச்சு வச்சிருக்கார்.”

எல்லோரும் சிரித்தார்கள். மரகதமும் சிரித்தாள்.

ஐப்பசியில் ஏரி உடைந்தது. மரகதம் எச்சரிக்கையைத் திரும்பத் திரும்பப் போட்டாள். டிரைவர் பாட்டுக் கேட்டபடியே தரைப்பாலத்தில் இறங்கினார். மறுநாள் கார் மட்டும்தான் கிடைத்தது.

அன்றைக்குச் சிரித்த நேரத்தில் அந்த வயரை மைக்கிலிருந்து பிடுங்கியிருக்கலாம்.