மகளுக்கென்று கொடுத்தது

"எல்லாத்தையும் விட்டுட்டேம்மா. மவ மட்டும் விடமாட்டேங்கா."

சொரிமுத்து இதைச் சொன்னபோது காந்திமதியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கண்ண மூடுனா அவதான். ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு நிக்கா. அப்பான்னு ஒரு வார்த்தை கூப்பிட மாட்டேங்கா. சும்மா நிக்கா."

"எந்த வயசுல நிக்கா?"

"நான் விட்டுட்டு வந்த வயசுல."

அம்மா ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டாள்.

பாபநாசத்துக்குக் கீழே ஆற்றங்கரையில் இருக்கிறது அந்தச் சின்ன மடம். சீடன் என்றதும் மீசை அரும்பாத பையனையும், குரு என்றதும் வெள்ளைத் தாடியையும் நீங்களாகவே நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை. இங்கே சீடனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குரு அவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். தன் குரு கண்மூடிய பிறகு மடத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் ஏதாவது வேலை வைப்பாள்.

சொரிமுத்து புளியங்குடிக்காரன். மனைவி இறந்த துக்கத்தில் ஒருநாள் மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவன். அந்தக் கடை இன்னும் வந்து சேரவில்லை. அப்போது செண்பகம் ஒன்பதாம் வகுப்பு.

காவி கட்டினால் மனசு ஆறிவிடும் என்று நினைத்தான். ஆறவில்லை. மகளை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்ற ஏக்கம் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்ததே தவிரக் குறையவில்லை. அதை எப்படியாவது அறுத்துவிடுங்கள் என்பதுதான் அவன் கேட்டது. அது அறுந்தால்தான் தனக்குத் தீட்சை என்று அவனாகவே முடிவு கட்டி வைத்திருந்தான்.

"நட," என்றாள் அம்மா.

"எங்க?"

"திருவண்ணாமலைக்கு. தனியா. போயிட்டு, நடந்தே வா."

நடந்தான்.



மழைக்காலம் முடிந்து திரும்பி வந்தபோது பை நிறைந்திருந்தது.

மடத்தில் ஒரு வழக்கம். யாத்திரையில் கிடைத்ததையெல்லாம் குருவின் காலடியில் வைத்துவிட வேண்டும். ஒரு வாழைப்பழம்கூடத் தனக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாது. சொரிமுத்து வைத்தான். திருநீற்றுப் பொட்டலங்கள், கற்கண்டு, ஒரு சால்வை, யாரோ கொடுத்த டார்ச் லைட்.

"கஷ்டப்பட்டியா?"

"ஒரு கஷ்டமும் இல்லம்மா. வழி நெடுக நல்ல சனம். கேக்காமலே சோறு போட்டாவ. மேலூர்ப் பக்கம் ஒருத்தரு காரை நிப்பாட்டி, எறங்கி வந்து கால்ல விழுந்தாரு."

"அவரு முகம் எப்படி இருந்துச்சு?"

யோசித்தான். "உச்சந்தலைதான் தெரிஞ்சுது. வழுக்கை."

"சோறு போட்டவுக?"

"எல்லாரும் குனிஞ்சாவம்மா."

"நீ யாரு, எந்த ஊருன்னு ஒருத்தராவது கேட்டாவளா?"

"காவிகிட்ட யாரும்மா அதக் கேப்பா? கேக்கக் கூடாதுன்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே."

"மவ?"

சொரிமுத்து தரையைப் பார்த்தான்.

"திருவண்ணாமலை வரைக்கும் கூடவே வந்தா. திரும்பயும் கூடவே வந்துட்டா."

அம்மா உள்ளே போய் ஒரு கட்டம் போட்ட கைலியையும் அரைக்கைச் சட்டையையும் எடுத்து வந்தாள். மடத்துக்கு வெள்ளையடிக்க வந்த ஆள் மறந்துவிட்டுப் போனவை. சட்டைக் காலரில் இன்னும் சுண்ணாம்பு இருந்தது.

"இதக் கட்டிக்கிட்டு மறுபடி நட. கேக்குறவுககிட்டப் பொய் சொல்லாத."



காவிக்கு ரோடு முழுக்க விருந்து. கைலிக்கு ரோடு வெறும் ரோடுதான்.

கங்கைகொண்டான் தாண்டி ஒரு இடத்தில் தண்ணீர் பிடிக்கக் குழாயைத் திறந்தான். வாட்ச்மேன் கம்பைத் தூக்கினான். இன்னொரு ஊரில் ஒரு வீட்டு வாசலில் நின்றதும், "வேற வீடு பாருப்பா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஆள் தெரியவில்லை, குரல் மட்டும்தான்.

அதே ஆள், அதே பசி. சொரிமுத்துவுக்குக் கோபம் கோபமாக வந்தது. நான் இன்னார் தெரியுமா என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. இன்னார் என்று சொல்லத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தான். கோபமும் போய்விட்டது, பசி மட்டும் மிச்சம்.

விருதுநகர் தாண்டி ஒரு பஞ்சர் கடை. செருப்பு அறுந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் நின்றான்.

"என்னண்ணே, எங்குட்டுப் போறீக?" என்றார் கடைக்காரர்.

"திருவண்ணாமலைக்கு."

"நடந்தா?"

"நடந்துதான்."

கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். ஒரு பழைய டயரைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார். செருப்பை வாங்கி, ட்யூப் துண்டு வைத்துத் தைத்தார். தைத்து முடித்ததும் தன் டிபன் பாக்ஸைத் திறந்து, புளிச்சோற்றில் பாதியை மூடியில் தள்ளி அவன் பக்கம் நகர்த்தினார்.

"எந்த ஊரு?"

"புளியங்குடி."

"வீட்ல யாரு இருக்காக?"

"யாரும் இல்ல."

சொன்ன பிறகுதான் அம்மா சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது. சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டான்.

கடைக்காரர் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். "சொல்ல இஷ்டமில்லேன்னா விடுங்கண்ணே. சாப்பிடுங்க."

மதுரை வரைக்கும் அந்தப் பொய், செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டே வந்தது.



விராலிமலைக்கு அருகே பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரம். சித்தாள் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி புளியமரத்தடியிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, சாப்ட்டீங்களா?"

சொரிமுத்து பின்னால் திரும்பிப் பார்த்தான். அங்கே வேறு யாரும் இல்லை.

"உங்களத்தாம்ப்பா. வாங்க, வந்து உக்காருங்க."

போகிறவர் வருகிறவரை அப்பா என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்தில் சாதாரணம். அது அவனுக்கும் தெரியும். தெரிந்தும் இன்னொரு தரம் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போய் உட்கார்ந்தான். அவள் ஒரு தட்டில் சோறு வைத்தாள்.

"எத்தனை புள்ளைங்க?"

"ஒரு மவ."

"பேரு?"

அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. மடத்தில் சொல்ல முடியாது. காவியோடு எங்கேயுமே சொல்ல முடியாது.

"செண்பகம்," என்றான்.

சொன்னதும் இன்னொரு தடவை சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொன்னான்.

அவள் சிமெண்ட் படிந்த கையைச் சட்டையில் துடைத்துவிட்டு மொபைலை எடுத்தாள். "நடந்தே வர்றீங்கன்னா அது கவலைப்படும்லப்பா. நம்பர் சொல்லுங்க, போட்டுத் தர்றேன். ரெண்டு வார்த்தை பேசுங்க."

"நம்பர் தெரியாதும்மா."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.



திருக்கோவிலூரைத் தாண்டியதும் தூரத்தில் மலை தெரிந்தது. இன்னும் ஒரு நாள் நடைதான்.

நிலக்கடலை பிடுங்கும் காலம். அங்கே அதை மல்லாட்டை என்பார்கள். ரோட்டோர நிலத்தில் ஒரு கணவனும் மனைவியும் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். சொரிமுத்து தண்ணீர் கேட்டான். கொடுத்தார்கள். குடித்துவிட்டுப் போக மனசில்லாமல் அவனும் உட்கார்ந்து ஆய்ந்தான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. வெயில் ஏறியதும் அந்த அம்மா அவனுக்கும் ஒரு சொம்பு கூழ் கரைத்தாள். அவள் பேர் கன்னியம்மா.

"எத்தினி புள்ளிங்க உங்களுக்கு?"

"ஒரு மவ. செண்பகம்." இப்போதெல்லாம் கேட்பதற்கு முன்பே பேர் வந்துவிடுகிறது.

"கட்டிக் குடுத்தாச்சா?"

சொரிமுத்து வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

எந்த அப்பனும் யோசிக்காமல் பதில் சொல்லக்கூடிய கேள்வி அது.

"தெரியாது," என்றான்.

அப்புறம் அழுதான். நன்றாகவே அழுதான். கன்னியம்மாவின் கணவர் எழுந்து, மாட்டைப் பார்க்கப் போகிறவர்போல அந்தப் பக்கம் போய்விட்டார்.

கன்னியம்மா சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. களத்தில் காய்ந்துகிடந்த காய்களில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கினாள். ஒரு மஞ்சள் பை நிறைய நிரப்பி வாயைக் கட்டினாள்.

"இத உங்க பொண்ணுக்குக் குடுங்க. கட்டிக் குடுத்திருந்தா பேரப்புள்ளிங்க துன்னும்."

அவன் மலையைப் பார்த்தான். பையைப் பார்த்தான். வந்த வழியே திரும்பி நடந்தான்.



அம்மா மடத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வழக்கப்படி சொரிமுத்து பையை அவள் காலடியில் வைத்தான்.

"மலையப் பாத்தியா?"

"தூரத்துலருந்து பாத்தேன். போகலம்மா."

"இது என்ன?"

"நிலக்கடலை."

"யாரு குடுத்தா?"

"கன்னியம்மான்னு ஒருத்தவுக. ஒடுங்குன முகம். சிரிச்சா ஒரு பக்கம் பல்லு இல்ல. வீட்டுக்காரருக்கு ஒரு காது கேக்காது போல, அவுக சத்தமாத்தான் பேசுதாவ." அவன் நிறுத்தவில்லை. "விருதுநகர்ல செருப்பு தச்சுக் குடுத்தவருக்குப் புருவத்துல ஒரு தழும்பு. பாலத்துல வேலை செஞ்ச புள்ள கண்ணு ரெண்டும் பூனைக்கண்ணு."

அம்மா பையை விரலால் தொட்டுப் பார்த்தாள். "நமுத்துப் போகலியே."

"தெனமும் வெயில்ல காயப் போட்டு, காக்கா வராமப் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

"வழியில பசிக்கலியா?"

"பசிச்சுது."

"ஒண்ணுகூடத் திங்கலியா?"

"எனக்குக் குடுத்தது இல்லையேம்மா."

"எனக்குக் குடுத்ததா?"

சொரிமுத்து பையின் வாய்க்கட்டை இறுக்கினான்.

"எந்த வழியா வந்த?"

"மதுரையில ரோடு பிரியுதுல்லா. போறப்ப கோவில்பட்டி வழி. வாரப்ப கால் ராஜபாளையம் ரோட்டுல திரும்பிட்டு."

"அப்பம் புளியங்குடி வழியாத்தான் வந்திருக்க."

"ஆமா. அக்கா வீட்டுத் தெருமுனை வரைக்கும் போனேன்." "வாசல்ல ஒருத்தி கோலம் போட்டுக்கிட்டு இருந்தா. அவதானான்னு தெரியல. பெத்த அப்பன், எனக்கே தெரியலம்மா. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பக்கத்துல போயி, நீதான் செண்பகமான்னு கேக்க? அப்படியே திரும்பிட்டேன்."

ஆற்றில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

சொரிமுத்து பையை அவள் பாதத்துக்கு இன்னும் கொஞ்சம் அருகே தள்ளினான்.

"நீங்க இத ஏத்துக்கிட்டா என் பாரம் எறங்கிரும். இந்தக் கைலிய அவுத்துட்டுக் காவியக் கட்டிக்கிடுதேன். இனிமே மவ பேரையே எடுக்க மாட்டேன். அவளப் பாக்கணும் போலத்தான் இருக்கு. ரொம்ப இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

அம்மா எழுந்து உள்ளே போனாள். காவியைத்தான் எடுத்துவரப் போகிறாள் என்று நினைத்தான்.

ஒரு செம்பு தண்ணீரோடு வந்தாள். வாசற்படியை விட்டு இறங்கி அவன் எதிரே நின்றாள். அவன் முகத்தைப் பார்த்தாள். இதுவரை பார்த்தே இராத ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"வெயில்ல வந்திருக்கிய. குடிங்க," என்றாள்.

அவள் ஒருநாளும் அவனை மரியாதை போட்டுப் பேசியதில்லை.

"அம்மா..."

"நீங்க யாரு? எந்த ஊரு?"

சொரிமுத்து விழித்தான். அவள் அவசரப்படவில்லை. வழியோடு போகிற ஆளிடம் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்களைப்போல, செம்பை நீட்டியபடி நின்றாள்.

வாங்கிக் குடித்தான். செம்பைத் திருப்பிக் கொடுத்தான். குனிந்து மஞ்சள் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"புளியங்குடி," என்றான். "செண்பகத்தோட அப்பா."