தண்ணீர் அமைச்சரான ஒட்டகம்

சிந்து நதியின் கீழ்க்கோடியில் ஒரு மணல்காடு இருந்தது. முயல், உடும்பு, கௌதாரி எல்லாம் அங்கே குடியிருந்தன. நதியிலிருந்து வரும் ஒரே கால்வாய்தான் அவற்றுக்கு உயிர். அதன் மதகோ வெகுதூரத்தில், மேல்காட்டில் இருந்தது. மிருகங்களின் சபை சொன்னால்தான் அதைத் திறப்பார்கள்.

ஒரு கோடையில் கால்வாய் காய்ந்துபோனது. சபைக்கு ஒருவரை அனுப்பியே ஆகவேண்டும். வழியிலோ ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

"பச்சல் போகட்டும். தண்ணீர் குடிக்காமல் அவ்வளவு தூரம் நடக்க அவன் ஒருவனால்தான் முடியும்" என்றது உடும்பு.

பச்சல் என்பது அங்கிருந்த ஒட்டகம். எல்லோரும் தலையாட்டினார்கள். தப்பு அங்கேதான் நடந்தது. ஆனால் தவித்த வாய்க்கு அதெல்லாம் தோன்றுமா?

சபையில் பச்சல் மனம் உருகப் பேசியது. "எங்கள் பிள்ளைகள் நாக்கு வறண்டு கிடக்கிறார்கள், ஐயா" என்றது. தலைவர் புலிக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. அங்கேயே பச்சலைத் தண்ணீர் அமைச்சராக்கியது.

"அப்படியானால் மதகைத் திறக்கலாமா?" என்று கேட்டது பச்சல்.

"அவசரப்படாதே. மதகைத் திறந்தால் மேல்காட்டு எருமைகளின் குட்டை குறைந்துவிடும். அவர்களைப் பகைத்தால் என் தலைமை நிற்குமா? கொஞ்சம் பொறு."

பச்சல் பொறுத்தது. பொறுப்பதில் ஒட்டகத்தை மிஞ்ச ஆள் ஏது?

சில நாளில் புலியின் ஆட்சி கவிழ்ந்தது. ஓநாய் தலைவரானது. அன்று மாலையே பச்சல் ஓநாயின் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது.

"காலையில் அந்தப் பக்கம், மாலையில் இந்தப் பக்கமா, அமைச்சரே?" என்று கேட்டது சபையிலிருந்த ஒரு நரி.

"பதவியில் இருந்தால்தானே என் ஊருக்கு நல்லது செய்ய முடியும்?" என்றது பச்சல். அதை அது மனதார நம்பியது. அதுதான் கொடுமை.

ஓநாயும் எருமைகளுக்குப் பயந்தது. மதகு திறக்கவில்லை.

மணல்காட்டில் ஜரீனா என்ற கௌதாரியின் குஞ்சுகளில் ஒன்று செத்துவிழுந்தது. மற்றவற்றைப் பக்கத்துக் கூட்டில் விட்டுவிட்டு, வழியில் செத்தாலும் சரி என்று ஜரீனா கிளம்பியது. முள் இலைகளில் இருந்த பனியை உறிஞ்சிக்கொண்டே, பாதி உயிராகச் சபைக்கு வந்து சேர்ந்தது.

"அண்ணா, பிள்ளைகள் சாகின்றன. மதகைத் திறந்துவிடுங்கள்."

"தங்கச்சி, நானும் மணலில் பிறந்தவன்தானே? வந்த நாள் முதல் எனக்குத் தாகமே எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் தாங்காதா?"

பச்சல் பொய் சொல்லவில்லை. அதற்கு உண்மையிலேயே தாகம் எடுக்கவில்லை.

ஜரீனா அலகில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பியது. அது வழியிலேயே வற்றிப்போனது.

கோடை முடியும் நேரத்தில் சபைக்குப் புதிதாக ஆள் அனுப்பும் காலம் வந்தது. மணல்காட்டின் ஆதரவு ஓநாய்க்குத் தேவைப்பட்டது. உடனே மதகு திறந்தது. ஓடிவரும் தண்ணீரோடு பச்சலும் தலைநிமிர்ந்து ஊருக்கு வந்தது.

"சொன்னபடி கொண்டுவந்துவிட்டேன், பார்த்தீர்களா? இந்த முறையும் என்னையே அனுப்புங்கள்."

யாரும் வாழ்த்தவில்லை. ஜரீனா மட்டும் முன்னால் வந்தது. அதன் பின்னால் ஒரு குஞ்சுகூட இல்லை.

"நல்ல தண்ணீர்தான், அண்ணா. குடிக்க என் பிள்ளைகள்தான் இல்லை."

பச்சல் தலைகுனிந்தது. "நான் கெட்டது நினைக்கவில்லையே, தங்கச்சி" என்று முனகியது.

"நினைக்கவில்லைதான். உங்களுக்கு வலிக்கவும் இல்லை. இப்போது வழி நெடுகத் தண்ணீர் ஓடுகிறது. இனி யார் வேண்டுமானாலும் சபைக்கு நடந்து போகலாம். நான் போகிறேன்."

ஊர் முழுக்க ஜரீனாவின் பக்கம் நின்றது. பச்சலும் அங்கே வந்து நின்றது. இந்த முறை அதை யாரும் அழைக்கவில்லை.

தாகம் அறியாதவன் கையில் மதகைக் கொடுத்தால், அவன் நல்லவனாகவே இருந்தாலும் பிள்ளைகள் வறண்டு சாகும்.