தேதி வராத சட்டம்

ஒரு நாட்டில், ஒரு கோடையில், சின்னதாய் ஒரு மசோதா பிறந்தது. தெருவில் வாய் பிளந்து கிடக்கும் குழிகளையெல்லாம் மூடச் சொல்லும் மசோதா. போன மழையில் அப்படி ஒரு குழிக்கு மூத்த பிள்ளையைப் பறிகொடுத்த அமலி எழுதிய கடிதத்திலிருந்துதான் அது பிறந்தது. அவளுடைய சின்னவளும் அதே வழியாகத்தான் பால்வாடிக்குப் போக வேண்டும்.

"மழைக்கு முன்னால் அந்தத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்" என்று மசோதா கிளம்பியது.

முதல் வாசலில் மசோதாக்களை ஆராயும் குழு உட்கார்ந்திருந்தது. அபராதம், தண்டனை என்று இருந்த வரிகளையெல்லாம் அடித்துவிட்டு, "என்ன அவசரம் கண்ணு? உனக்குப் பல்லே இல்லையே" என்றது.

"இருந்தது. இப்போதுதான் நீங்கள் பிடுங்கினீர்கள்."

"அட, வாய் மட்டும் இருக்கிறதே!" குழு சிரித்துக்கொண்டே வழிவிட்டது.

மக்களவையில் 'ஆம்' கூரை அதிரக் கத்தியது. 'இல்லை' ஒரு மூலையில் கொட்டாவி விட்டது. மேலவையிலும் அப்படியே. கடைசியில் முத்திரை வந்து நெற்றியில் முத்தமிட்டது. "போ மகளே, இனி நீ மசோதா இல்லை, சட்டம்."

சட்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. வாசலுக்கு ஓடியது. அங்கே சட்டங்களை அடுக்கி வைக்கும் அலமாரி தன் கதவை நீட்டி மறித்தது.

"எங்கே ஓட்டம்?"

"அமலியின் தெருவுக்கு. மேகம் கூடிவிட்டது, விடுங்கள்!"

"தேதி வந்ததா?"

"எந்தத் தேதி?"

"உன் கடைசி வரியைப் படி."

படித்தது. 'அரசு அறிவிக்கும் நாளிலிருந்து இச்சட்டம் நடைமுறைக்கு வரும்.' எந்த நாள் என்று இல்லை. வழியெல்லாம் எத்தனையோ வரிகளைத் திருத்தியவர்கள், அந்த ஒன்றை மட்டும் தொடவே இல்லை.

"தேதி எப்போது வரும்?"

மேல்தட்டில் ஒரு பழைய சட்டம் இருமியது. "கூப்பிட்டால் வரும், தங்கச்சி. கூப்பிடத்தான் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் உன் வயதில் இதே துடிப்பு இருந்தது. வா, தள்ளி உட்காருகிறேன்."

மழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. சட்டம் அலமாரிக் கதவைத் தள்ளித் தள்ளி ஓரமெல்லாம் கிழிந்தது.

அடுத்த வாரம் அவை கூடியது. ஓர் உறுப்பினர் தழுதழுத்தபடி எழுந்தார். "அமலி என்ற தாயின் இரண்டாவது பிள்ளையும் போய்விட்டது. அதே தெரு, அதே குழி. இதற்கு ஒரு சட்டம் வேண்டாமா?"

"சட்டம் இருக்கிறது" என்றார் அமைச்சர்.

உறுப்பினர் நன்றி சொல்லி உட்கார்ந்தார்.